நாக்கு நுனியில் ஒரு குமிழி

சின்ன வயதில் என் வாய் ஒரு நிமிடம் சும்மா இருந்ததில்லை. பேச ஆள் கிடைத்தால் பேசும். கிடைக்காவிட்டால் பாவாடை நாடாவைச் சப்பும். அதுவும் அலுத்துவிட்டால் எச்சிலில் குமிழி ஊதும். அம்மா என் தலையில் குட்டிக் குட்டியே களைத்துப்போனாள். "பொட்டப் புள்ள, எந்நேரமும் இன்னாடி நுரை தள்ளிக்கினு" என்பாள். நுரை தள்ளுவதும் குமிழி ஊதுவதும் ஒன்றல்ல என்று அவளுக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு கை ராட்டையிலும் ஒரு கண் அடுப்பிலுமாக இருந்தவள் அதையெல்லாம் எங்கே காதில் போட்டுக்கொண்டாள்.

அவள் கேட்காததை நீங்களாவது கேளுங்கள். நுரை எந்தக் கைக்குழந்தைக்கும் வரும், அதற்கு ஒரு சாமர்த்தியமும் வேண்டாம். குமிழிக்கு முதலில் வாயில் இருக்கிற நுரையையெல்லாம் விழுங்கிவிட வேண்டும். பிறகு நாக்கைத் தூக்கிப் பிடித்தால், அடியில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் மெல்லக் கசியும். அந்த எச்சில்தான் வேண்டும். கன்னத்துப் பக்கமிருந்து வருவது புளியங்காயைப் பார்த்ததும் ஓடி வருகிற தண்ணீர், ஊதினால் தெறிக்கத்தான் தெறிக்கும். நாக்கடியில் ஊறுவது கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கும். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஒட்டவைத்து நிதானமாக எடுத்தால், அதில் ஒரு மெல்லிய தோல் விரிந்து காற்றை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதை உடையாமல் நாக்கு நுனிக்கு ஏற்றி, உதட்டைக் குவித்து, பாலின் ஆடை கலையாத அளவுக்கு ஒரு ஊது. மிளகு அளவில் ஒரு குமிழி கழன்று காற்றில் போகும். எங்கள் தெருவில் இது என் ஒருத்திக்குத்தான் வரும்.

ஏன் வருகிறது என்பதைப் பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சியின்போது படித்தேன். வெறும் தண்ணீர் தன்னைத்தானே இழுத்துப் பிடித்துச் சுருங்கப் பார்க்குமாம், அதனால் தோலாக விரிந்து நிற்காதாம். எச்சிலில் இருக்கிற வழவழப்பான பொருள்தான் அந்த இழுப்பைத் தளர்த்தி, உடையாமல் தாங்குகிறதாம். அதே புத்தகத்தில் பயந்தால் வாய் வறளும் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வராந்தாவில் நடந்தேன். அது எனக்குப் பதினோரு வயதிலேயே தெரிந்துபோன சங்கதி. நான் அதைத் தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இன்றைக்கும் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருவில் எங்கள் வீடு. கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் அப்பா நெய்வார். இன்னொன்றில், நான் அண்ணன் என்று கூப்பிடுகிற ஓர் ஆள் வந்து நெய்துவிட்டுப் போவார். தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், தறியில் தங்கியிருக்கிற பழைய இழை முனைகளோடு புதுப் பாவின் முனைகளை ஒவ்வோர் இழையாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். இதைப் பிணைப்பது என்போம். அதற்கென்று ஐயம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி ஓர் அக்கா வருவார். முப்பது வயதிருக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே, இழையைப் பார்க்காமலே முறுக்குவார். அந்த முறுக்கு ஒன்றுகூட விட்டுப்போகாது. மற்றவர்கள் விரல் வழுக்கினால் நாக்கில் ஒரு தொடு தொட்டுக்கொள்வார்கள். அக்கா தொட மாட்டார். "முகூர்த்தப் புடவை, பாப்பா. கட்டிக்கிற பொண்ணுக்குத் தெரியாதுதான். நமக்குத் தெரியுமில்ல" என்பார். எச்சில் விஷயத்தில் அவ்வளவு கறாரான ஆள், நான் குமிழி ஊதினால் மட்டும் திட்ட மாட்டார். கையை நிறுத்தி, அது எதுவரைக்கும் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த இழையை எடுப்பார். என் வாயை மதித்த ஒரே ஜீவன் அவர்தான்.

அந்தக் கோடையில் மெட்ராஸிலிருந்து மாமா மகள் லீவுக்கு வந்தாள். என்னைவிட ஒரு வயது பெரியவள். ரோஸ் நிறத்தில் ஒரு மிட்டாயை மென்றுகொண்டே வந்து இறங்கினாள். முதலில் அதை அவள் ஊதவில்லை. சர்க்கரையெல்லாம் எச்சிலில் கரைந்து போகிற வரைக்கும் மெல்ல வேண்டுமாம், இனிப்பு இருந்தால் குமிழி நிற்காதாம். கால் மணி நேரம் மாடு மாதிரி மென்றுவிட்டு ஊதினாள் பாருங்கள், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு குமிழி. அது வெடித்து மூக்கில் ஒட்டியதைக்கூட அவள் கௌரவமாகப் பிய்த்தெடுத்தாள். என் பங்குக்கு நானும் ஒன்று ஊதிக் காட்டினேன். நன்றாகத்தான் பறந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"ச்சீ, அது எச்சில்" என்றாள்.

அவள் வாயில் இருந்தது மட்டும் இன்னா பன்னீரா என்று கேட்டேன். மிட்டாயை இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான்கு நாளில் ஊருக்கும் போய்விட்டாள். எனக்குத்தான் ஆற்றாமை தீரவில்லை. எலுமிச்சை அளவு, எலுமிச்சை அளவு என்று மனதுக்குள் அதே ஓட்டம். பெரிய குமிழிக்கு நாக்கு நுனி போதாது, ஒரு வளையம் வேண்டும் என்று தோன்றியது. தென்னை ஈர்க்கை வளைத்துக் கட்டிப் பார்த்தேன். எச்சில் அதில் நிற்காமல் வழுக்கி ஓடியது. மேலே நூல் சுற்றினால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பட்டது. நூல் என்று நினைத்ததும், எங்கள் வீட்டில் பிறந்தவளுக்கு வேறு எந்த நூல் ஞாபகத்துக்கு வரும்? ஜரிகை. ஜரிகை சுற்றிய வளையத்தில் ஊதினால் குமிழியும் பொன் நிறமாக வரும் என்று உறுதியாக நம்பினேன். பதினோரு வயதில் அவ்வளவு மடத்தனம் கூடாதுதான், ஆனால் இருந்தது.

அக்கா அப்பாவின் தறியில் புதுப் பாவு பிணைக்க உட்கார்ந்த முதல் நாள் அது. அப்பா சாயக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். அம்மா சமையலில். அண்ணன் தன் தறிக்குழியில் தலை குனிந்திருந்தார். பாவுக்குக் குறுக்கே ஓடவிடுகிற நாடாவுக்குள் வைப்பதற்காக ஜரிகை சுற்றிய சின்னக் குழல்களைத் தார் என்போம். சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். கூடையில் இருந்த தார்களில் ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

கிணற்று மேடையில் உட்கார்ந்து ஈர்க்கு வளையத்தில் ஜரிகையைச் சுற்றினேன். கத்தரி கிடையாது, பல்லால்தான் கடித்து அறுத்தேன். அறுபடாமல் இழுத்தது, மறுபடியும் கடித்தேன். பிறகு வளையத்தை நாக்கின் மேல் வைத்து எடுத்தேன். தோல் பிடித்துக்கொண்டது. ஊதினேன். ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. பொன் நிறமில்லை. ஆனால் அதற்குள் கிணற்று மேடையும் கொல்லைக் கதவும் தலைகீழாகத் தெரிந்தன, மேலே பச்சையும் ஊதாவும் ஓடின. மூச்சை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது உடைந்தபோது துள்ளினேன். துள்ளியதில் மடியில் இருந்த தார் எகிறிக் கிணற்றில் விழுந்தது.

எட்டிப் பார்த்தேன். மூங்கில் குழல்தானே, மிதக்கும் என்று ஒரு நப்பாசை. ஆனால் ஜரிகைக்குள் இருப்பது வெள்ளி, அது கனம். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போய்விட்டது.

வளையத்தை ஒடித்து அதையும் கிணற்றில் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூடத்துக்கு வந்தேன், தூணைச் சுற்றினேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். எதுவும் நடக்காத மாதிரி இருக்க வேண்டுமே என்று அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்து, நாக்கை நீட்டி ஒரு குமிழி ஊதினேன். வழக்கமாகப் பார்க்கிற மாதிரி அது போகிற வழியை அவர் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்தார்.

"போய் வாய் கொப்பளிச்சிக்கினு வா, பாப்பா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இவரும் அம்மாவோடு சேர்ந்துவிட்டாரா என்று கோபம். விறைப்பாகப் போய்க் கொப்பளித்தேன். அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

சாயங்காலம் அப்பா கூடையைப் பார்த்ததும் கேட்டார். முதலில் அம்மாவை, பிறகு அண்ணனை. கூடையைக் கவிழ்த்தார்கள், தறிக்குழிக்குள் விளக்குப் பிடித்துத் தேடினார்கள். ஜரிகை எங்களுடையதல்ல, முதலாளி நிறுத்துக் கொடுப்பது. அது வீட்டில் காணாமல்போவது மற்ற பொருள் காணாமல்போவது மாதிரி இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு முழம் குறைந்ததில்லை என்பதுதான் அப்பாவுக்குத் தெருவில் இருந்த ஒரே மரியாதை. "எங்கியாச்சும் உருண்டிருக்கும்" என்று அவர் பத்துத் தடவையாவது சொன்னார். நான் அம்மாவின் பின்னால் நின்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதும், எச்சிலை விழுங்குவதுமாக இருந்தேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு அண்ணன், தெருவுக்கு நியாயஸ்தர். கையில் ஒரு கிண்ணத்தில் பச்சரிசி. எங்கள் பக்கத்தில் பொருள் காணாமல்போனால் அரிசி போட்டுப் பார்ப்பார்கள். முருகன் படத்துக்கு முன்னால் அரிசியை வைத்துத் திருநீறு தூவி, வீட்டில் புழங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரு பிடி கொடுப்பார்கள். மென்று, பூவரச இலையில் துப்ப வேண்டும். எடுக்காதவன் துப்புவது ஈரமாக விழும். எடுத்தவன் வாயில் ஈரம் இருக்காது, மாவு மாவாக உதிரும். சாமி வாயை வறளவைத்துவிடும் என்று நம்பிக்கை.

"எதுக்குண்ணா இதெல்லாம்" என்றார் அப்பா.

"நாம யாரையும் சொல்லப் போறதில்ல. அது சொல்லட்டும்" என்றார் பெரியப்பா.

வரிசையாக உட்கார்ந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், நான், எனக்குப் பக்கத்தில் அக்கா. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவர், இடுப்புச் செருகலைக்கூட எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அரிசியை வாயில் போட்டதும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. நிஜமாகவே வாய் வறண்டுகொண்டு வந்தது. அரிசி பல்லில் கல்லாக நெறித்தது. சாமி பார்த்துவிட்டது, தொலைந்தேன் என்று நினைத்தேன்.

ஆனால் என் வாய் என்ன சாதாரண வாயா? கண்ணை மூடிக்கொண்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காயை நினைத்தேன். ஒரு கீற்று. இரண்டாவது கீற்று. கன்னத்துத் தண்ணீர் சுரீரென்று ஓடி வந்தது. நாக்கை மேலே தூக்கி அடி ஊற்றையும் திறந்துவிட்டேன். குமிழிக்காக இரண்டு வருஷம் பழகிய வித்தை அத்தனையும் அந்த ஒரு பிடி அரிசிக்குச் செலவானது. இலையில் நான் துப்பியது பழைய சோறு மாதிரி சொதசொதவென்று விழுந்தது. பெரியப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அடுத்து அக்கா குனிந்தார். இலையில் உதிர்ந்தது மாவு. மெல்லக்கூட முடியாமல் பாதி அரிசி முழுசாகவே விழுந்தது.

பெரியப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அம்மா சுவரைப் பார்த்தாள். அக்கா இலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எடுக்கல, அண்ணா" என்றார் அப்பாவிடம்.

அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் அர்த்தம் பண்ணலாம், இல்லை என்றும் பண்ணலாம், அப்படி ஓர் ஆட்டல். அக்கா எழுந்து வெளியே போனார். பாதி பிணைத்த பாவு தறியில் அப்படியே நின்றது. நான் மென்ற அரிசியின் ஈரம் இன்னும் உதட்டில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றே நாளில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் அவரைத் திருடி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. பிணைக்கக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கோடிவீட்டுத் தறிக்கு வேறு ஒரு பெண் வந்து போனாள். அதே பெண்ணை எங்கள் வீட்டுக்கும் அம்மா கூப்பிட்டாள். அவள் முறுக்கியதில் பாதி அன்றைக்கே அறுந்துபோனது. "என்னா இருந்தாலும் இவளுக்கு அவ கை வராதுடி" என்று அப்பா அம்மாவிடம் முணுமுணுத்தார். ஐயம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து இந்தத் தெருவில்தான் அவருக்குச் சோறு. அது என்னால் நின்றுபோனது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியே இல்லை.

உண்மையைச் சொல்லாமல் இருந்த ஒன்பது நாளும் நான் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஒரு இடத்தில் உட்கார மாட்டேன். கொல்லைக்குப் போவேன், கிணற்றை எட்டிப் பார்ப்பேன், திரும்பி வருவேன். போதாததற்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, குமட்டல் எடுக்கிற மாதிரி. துப்பித் துப்பி மாளவில்லை. பூச்சி இருக்கிறது என்று அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தாள். கசப்பில் இன்னும் ஊறியது.

ஒரு மத்தியானம் அம்மா தூங்கும்போது, முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். டப்பாவிலிருந்து பச்சரிசி ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். "நான் எடுக்கல" என்று முணுமுணுத்தேன். துப்பினேன். ஈரம். இன்னொரு பிடி. "அக்காதான் எடுத்தாங்க." அதுவும் ஈரம். இப்போதாவது வறளவைக்கக் கூடாதா என்று படத்தைப் பார்த்தேன். நாலாவது பிடிக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த அரிசிக்கு ஒன்றுமே தெரியாது. நனைக்கிறவள் வாய் நனைக்கிறது, நனைக்காதவள் வாய் நனைக்கவில்லை, அவ்வளவுதான். இதை நம்பிக்கொண்டு ஒரு மனுஷியை அனுப்பிவிட்டார்கள், நானும் மாங்காயை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி மென்ற அரிசியோடு கூடத்துக்கு ஓடினேன்.

அப்பா அறுந்த இழைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, தாரை நான்தான் எடுத்தேன். கெணத்துல விழுந்துடுச்சி" என்றேன். அரிசி சட்டையெல்லாம் சிந்தியது.

அவர் கை நின்றது. அடிக்கப்போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துப் பெரியப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சிரித்தார். "அவமேல பாசம், அதான் புள்ள பழியைத் தன்மேல போட்டுக்கினு நிக்குது. இவ வாய்தான் எப்டி நனைஞ்சுது, நீயே பாத்தியே" என்றார்.

நான் எடுத்தேன் என்று நானே சொல்கிறேன், நான் எடுக்கவில்லை என்று அரிசி சொல்கிறது. அவர் அரிசியை நம்பினார். "இப்பவும் நனைப்பேன் பாருங்க. எப்ப கேட்டாலும் நனைப்பேன். எடுத்தேன்னு சொல்லி நனைக்கவா, எடுக்கலன்னு சொல்லி நனைக்கவா" என்று கத்தினேன். அவர் முற்றத்தில் பொழுது சாய்கிற வரைக்கும் வேண்டுமானாலும் மெல்லத் தயாராக இருந்தேன். பெரியப்பா அப்பாவைப் பார்த்து, "கொழந்தைக்கு மந்திரிச்சி வுடு" என்றார்.

அப்பா மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டு, "கெணத்துல எறங்க முடியுமாப்பா" என்று கேட்டார். கோடை, தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. அண்ணன் கயிற்றைப் பிடித்து இறங்கி, சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தார். நானும் அம்மாவும் மேடையில் கொட்டிக் கையால் துழாவினோம். ஓர் ஈய டம்ளர் வந்தது, என் பழைய வளையல் ஒன்று வந்தது. ஒன்பதாவது வாளியிலோ பத்தாவது வாளியிலோ தார் வந்தது. அப்பா அதைத் தண்ணீரில் அலசினார். ஜரிகை அப்படியே மின்னியது. அதைப் பெரியப்பாவின் திண்ணைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ. என்னையும் கூட்டிக்கொண்டு ஐயம்பேட்டைக்கு பஸ் ஏறினார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நான் இறங்குவதற்கு எழுவதும், இன்னும் வரவில்லை என்று உட்காருவதுமாக இருந்தேன்.

அக்கா வாசலில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்பா தட்டை நீட்டினார்.

"தப்பு எங்களோடது, தங்கச்சி. கெணத்துல கெடந்துச்சி. இவதான்" என்றார். என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

அக்கா தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். "வேலைக்கு வரேண்ணா. ஆனா அரிசி போட்ட பெரியவரு வந்து கூப்பிடணும். இலையில வுழுந்ததைத் தெருவே பேசிச்சி. கூப்பிடறதையும் தெருவே பாக்கட்டும்" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அப்பா சரி என்றார். பெரியப்பா போனார், ஆனால் அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவரைக்கும் எங்கள் தறி பாதிப் பாவோடு நின்றது, அப்பா வேறு யாரையும் தொடவிடவில்லை.

அன்றைக்கு அப்பா பஸ் நேரம் விசாரிக்க ரோட்டுக்குப் போனார். நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அவர் மறுபடியும் உட்கார்ந்து கத்தரிக்காயை எடுத்தார். நான் நின்றபடியே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். வாயில் வந்தது வேறு.

"நீங்கதான் எடுக்கலியே. அப்பறம் ஏங்க்கா வறண்டுச்சி?"

அவர் கத்தியை நிறுத்தினார்.

"அன்னிக்கு எம்முன்னாடி வந்து குமிழி வுட்டியே, உன் நாக்கெல்லாம் ஜரிகைத் துணுக்கு. மினுமினுன்னு இருந்துச்சி. அதான் கொப்பளிச்சிக்கினு வரச் சொன்னேன். சின்னப் புள்ள, வெளையாட்டா கடிச்சிருக்கும், சாயங்காலத்துக்குள்ள சொல்லிடும்னு இருந்தேன். காலையில வந்தா அரிசியை வெச்சிக்கினு உக்காந்திருக்காங்க. நீ எம்பக்கத்துல வாயில அரிசியைப் போட்டுக்கினு வேத்து வழியற. இது மாட்டிக்கப் போவுது, அப்பன் கொன்னுடுவாரேன்னு நெனச்சேன் பாரு, என் வாயில இருந்த ஈரம் போன எடம் தெரியல."

அவர் அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்த காயை எடுத்தார். நான் அசையாமல் நின்றேன்.

"சரி வுடு. எங்க, ஒண்ணு ஊது பாக்கலாம். எத்தினி நாளாச்சி" என்றார்.

நாக்கைத் தூக்கினேன். கீழ்ப்பல்லுக்குப் பின்னால் நுனியை ஒட்டினேன். மாங்காயை நினைத்தேன், மிளகாய்த்தூளை நினைத்தேன். அவர் கையை நிறுத்திவிட்டு, அது எதுவரைக்கும் போகும் என்று பார்ப்பதற்காகக் காத்திருந்தார். என் வாயில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.